வீட்டுக்காரருக்கு ராத்திரி பைஜாமா: பேட்டர்ன் எங்கே கிடைக்கும், எப்படி வெட்டுவது?

காட்பாடிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரருக்கு ராத்திரி போட்டுத் தூங்க ரெண்டு பைஜாமா தைக்கணும். ஜாக்கெட், பாவாடை தைக்கத் தெரியும், காலுக்குத் தைத்ததில்லை. கால் மெஷின், நேர் தையல் மட்டும்தான்.

அளவு: உயரம் 5 அடி 8 அங்குலம், இடுப்பு 38, சீட் (பிட்டத்தைச் சுற்றி) 42, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 40. கொஞ்சம் தொப்பை உண்டு.

இணையத்தில் இலவச பேட்டர்ன் ஒன்று இறக்கி ஏ4 தாளில் எடுத்து ஒட்டினேன். எக்ஸ்எல் என்று போட்டிருந்தாலும் டேப் வைத்துப் பார்த்தால் சின்னதாகத் தெரிகிறது. பிரிண்ட்டில் தப்பா, பேட்டர்னே அப்படியா? கத்திரி வெயிலுக்கு எந்தத் துணி, எத்தனை மீட்டர்?

ஊசிநூல்:
பிரிண்ட்டில்தான் தப்பு இருக்கும். அமெரிக்க பேட்டர்ன்கள் பலதும் அவர்கள் ஊர் லெட்டர் தாளுக்குப் போட்டவை. அந்தத் தாள் அகலம் 216 மில்லிமீட்டர், நம் ஏ4 210. ஜெராக்ஸ் கடையில் "தாளுக்குள் பொருத்து" என்ற தேர்வில் விட்டால் எல்லாம் 97 சதவீதமாகச் சுருங்கும். 50 அங்குலம் வரவேண்டிய சுற்றளவில் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விடும். "உண்மை அளவு" அல்லது 100 சதவீதம் என்று சொல்லி எடுக்கச் சொல்லுங்கள்.

முதல் பக்கத்தில் சோதனைச் சதுரம் இருக்கும். ஒரு அங்குலச் சதுரத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 4 அங்குலச் சதுரம் இருந்தால் அதை அளங்க, 3 அங்குலம் 7 நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) காட்டினால் தாள் சுருங்கியிருக்கிறது. முழுவதும் எடுக்கும் முன் அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

ஒட்டுவதிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர் ஏறிப் போனால், ஒரு துண்டின் அகலத்தில் ரெண்டு இணைப்புக்கு ரெண்டு மில்லிமீட்டர். துண்டு நாலு என்றால் சுற்றளவில் 8 மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு அங்குலம். பெரிய தாளுக்கான கோப்பும் கொடுத்திருந்தால், வீட்டு பிளான் பிரிண்ட் போடும் கடையில் ஏ0 தாளில் எடுத்துவிடுங்கள். ஒட்டும் வேலையே இல்லை.

இன்னொன்று. அமெரிக்கக் கம்பெனி பேட்டர்ன்களில் பெரும்பாலும் ஐந்து நூல் தையல் இடம் சேர்த்தே இருக்கும். பர்டா பத்திரிகை பேட்டர்னில் அது சேர்ந்திருக்காது, நாம்தான் விடணும். எதில் எது என்று படிக்காமல் வெட்டினால் சுற்றளவில் சில அங்குலம் இங்கேயே போகும்.

அளவு எடுக்கும்போது எக்ஸ்எல், எல் எல்லாம் மறந்துவிடுங்கள். அட்டவணையில் சீட் 42 எங்கே இருக்கிறதோ அதை எடுங்கள். இடுப்பை நாடா பார்த்துக்கொள்ளும்.

பழைய டைலர்:
தங்கச்சி, பேட்டர்ன் தேடுவதைத் தப்பு சொல்லவில்லை. ஆனால் பைஜாமாவுக்கு வரைந்துகொள்வது ஒட்டும் வேலையை விடச் சீக்கிரம். முதலில் ஒரு விஷயம் மனசில் வையுங்கள். தூங்கும் உடுப்புக்கு வேண்டியது அகலம் இல்லை, பின்பக்க உயரம். நிற்கும்போது சரியாக இருக்கிற பேன்ட், ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கினால் பின்னால் இறங்கும், கால் நடுவில் இழுக்கும், அங்கேதான் கிழியும். எல்லாரும் சுற்றளவை மட்டும் கூட்டுகிறார்கள். துணி தொளதொள என்று தொங்கும், இழுப்பது மட்டும் நிற்காது.

அவரை மரநாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள், மெத்தை நாற்காலி ஆகாது. பக்கவாட்டில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளந்தால் அவர் உயரத்துக்கு 11 அல்லது அதற்குப் பக்கமாக வரும். 11 என்று வைத்துச் சொல்கிறேன். பக்கத்துத் தையல் இல்லாமல் ஒரு காலுக்கு ஒரே துண்டு.

பிரவுன் பேப்பரில் நட்டநடுவே நேர்கோடு 40 அங்குலம். இது பக்கவாட்டு. மேலிருந்து 12½ இறங்கிக் குறுக்குக் கோடு போடுங்கள், 11 உடன் ஒன்றரை தளர்ச்சி. இதுதான் சீட் கோடு.

சீட் 42, தளர்ச்சி 8, மொத்தம் 50, ஒரு காலுக்கு 25. முன்பக்கம் 12, பின்பக்கம் 13 என்று பிரியுங்கள்.

முன்பக்கம்: இடுப்பிலும் சீட் கோட்டிலும் நடுக்கோட்டிலிருந்து 12. சீட் கோட்டில் அதைத் தாண்டி இன்னும் 2½ வெளியே நீட்டுங்கள். சீட் கோட்டுக்கு 3½ மேலிருந்து அந்த நுனிக்கு வளைவு.

பின்பக்கம்: சீட் கோட்டில் 13, தாண்டி 5 நீட்டுங்கள். இடுப்பில் ஒரு அங்குலம் உள்ளே வந்து, அங்கிருந்து 2 அங்குலம் மேலே ஏறுங்கள். அந்த ரெண்டு அங்குலத்துக்காகத்தான் இத்தனையும் சொல்கிறேன். அங்கிருந்து பக்கவாட்டு மேல்முனைக்குச் சரிவாகக் கோடு. வளைவு சீட் கோட்டுக்கு 5 மேலே தொடங்கட்டும். பின் நுனியை மட்டும் சீட் கோட்டுக்கு அரை அங்குலம் கீழே இறக்குங்கள். இறக்காவிட்டால் பின் உள்கால் முன் உள்காலை விட அரை அங்குலம் நீளமாக வரும், தைக்கும்போது ஒரு பக்கம் மிஞ்சும்.

கீழ்வாய் முன்னால் 9½, பின்னால் 10½, மொத்தம் 20. நுனிகளிலிருந்து நேராக இறக்குங்கள், முழங்காலில் வளைவு வேண்டாம்.

இது எல்லாம் தையல் இடம் சேர்க்காத அளவு. ஓரங்களில் அரை அங்குலம், மேலே நாடா மடிப்புக்கு 1½, கீழே மடிக்க 1¼ சேருங்கள். தொப்பைக்குக் கீழே கட்டுகிறவர் என்றால் முன் நடுவை அரை அங்குலம் தாழ்த்துங்கள், மேலே கட்டுகிறவருக்கு முக்கால் ஏற்றுங்கள். எங்கே கட்டுவார் என்று அவரிடமே கேளுங்கள், டேப் சொல்லாது.

ராணிப்பேட்டை:
வரையத் தெரிந்தவருக்கு அது சரி அண்ணா. புதுசாகத் தைப்பவருக்கு, நன்றாகப் பொருந்தும் பழைய பைஜாமாவை வைத்துப் படி எடுப்பதே எளிது. உள்வெளியாகத் திருப்பி, ஒரு காலை இன்னொன்றுக்குள் விட்டு மடிப்பில்லாமல் தரையில் விரித்து, இடுப்பு எலாஸ்டிக்கை முழுசாக இழுத்துப் பின் குத்தி, ஓரமாக வரைந்தால் போதும். சுருங்கியிருக்கும்போது வரைந்தால் இடுப்புக்கோடு குறுகி, தைத்ததும் சீட்டில் ஏறாது.

பழைய டைலர்:
ராணிப்பேட்டை சொல்வதில் தப்பில்லை, ரெண்டு இடத்தில் பார்க்கணும். ஒன்று, பழசு பனியன் துணியா என்பது. திருப்பூர் பனியன் துணி இழுபடும், அதன் அளவில் பாப்ளின் வெட்டினால் உட்காரும்போதே பிளக்கும். நெய்த துணி என்றால்தான் படி எடுங்கள். ரெண்டாவது, முன்வளைவும் பின்வளைவும் ஒன்றாகத் தெரியும். பின்வளைவு ஆழம், அதைத் தனியாக வரையுங்கள். ஒரே வளைவைப் போட்டு ரெண்டு பக்கமும் வெட்டிவிடுவார்கள், அங்கே எல்லாம் கெட்டுவிடும்.

காட்பாடிக்காரி:
அண்ணா, துணி கணக்கு? லாங் பஜாரில் 36 பன்னா (துணியின் அகலம், அங்குலத்தில்), 44 பன்னா ரெண்டும் கிடைக்கும். எது எடுக்கட்டும்?

பழைய டைலர்:
கால் துண்டின் மிக அகலமான இடம் 12 + 2½ + 13 + 5, மொத்தம் 32½. தையல் இடத்தோடு 33½. ஆகவே 36 பன்னாவிலும் ஒரு துண்டு அடங்கும், 44லும் ஒரு துண்டுதான் அடங்கும். நீளம் 40 + 2 + 1½ + 1¼, கிட்டத்தட்ட 45. ரெண்டு காலுக்கு 90 அங்குலம், அதாவது 2.3 மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து 2½ மீட்டர் எடுங்கள். 44 எடுத்தால் ஓரமாக மிஞ்சும் 10 அங்குலப் பட்டையில் பையும் நாடாவும் வரும், 36இல் அதற்கு வேறு துண்டு தேடணும். சீட் 44ஐத் தாண்டினவருக்கு 36 பன்னா நினைக்க வேண்டாம், சுருக்கம் போனால் ஓரத்தில் இடம் இருக்காது.

துணி: கேம்பிரிக் அல்லது மெல்லிய பாப்ளின். வெளிநாட்டு பேட்டர்னில் பிளானல் என்று எழுதியிருப்பார்கள், 40 டிகிரி தாண்டும் வேலூருக்கு அது ஆகாது. மல் குளிர்ச்சிதான், ஆனால் தொடை உரசும் இடத்தில் ஒரு கோடை தாங்காது.

குடியாத்தம் தறி:
இத்தனை பேசியும் கைலியை யாரும் சொல்லவில்லையே! ஒரு கைலி, ஒரு பைஜாமா. கணக்கு இதோ.

கைலி ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். நீளம் 78 அங்குலத்துக்கு மேல், அகலம் 47. டைலர் அண்ணா சொன்ன கால் துண்டு அகலம் 33½, ரெண்டுக்கு 67. 78இல் பக்கத்தில் பக்கத்தில் ரெண்டும் அடங்கி 11 மிஞ்சும். உயரத்துக்கு 43½ போதும், 47 இருக்கிறது. 43½ ஏன் என்றால், கீழே மடிப்பே வேண்டாம். கைலியின் நெய்த கரை கீழ்வாயாக வந்துவிடும், பிரியாது, ஊசியும் வேண்டாம். நம் துண்டில் கீழ்வாய் நேர்கோடு, அதனால்தான் இது கைகொடுக்கிறது. வாய் வளைவாகப் போட்ட பேட்டர்னுக்கு வராது.

கடையில் மூட்டாத கைலி கேளுங்கள். மூட்டினதாக இருந்தால் மூட்டுத் தையலைப் பிரியுங்கள், கத்திரியால் வெட்டினால் அரை அங்குலம் போகும். பாவு (நீளவாக்கு இழை) கைலியின் நீளத்தில் ஓடும், அது பைஜாமாவில் உடம்பைச் சுற்றி வரும். பாவு ஊடையை (குறுக்கு இழையை) விட அதிகம் சுருங்கும், அதனால் சுற்றளவில்தான் குறையும். நனைக்காமல் வெட்டக் கூடாது.

வாங்கியதும் கஞ்சி விறைப்பாக இருக்கும். விறைப்பில் கோடு போட்டு வெட்டினால், அலசினதும் துணி இளகி அளவு வேறாகிவிடும். ஒரு ராத்திரி தண்ணீரில் தனியாக ஊறப் போட்டு, கசக்கி அலசி, நிழலில் காயவைத்து, லேசாக ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள்.

பருத்திதானா என்று பார்க்க ஓரத்திலிருந்து ஒரு இழை பிரித்துக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசம், தொட்டால் உதிரும் சாம்பல் என்றால் பருத்தி. உருகி நுனியில் கெட்டி மணி திரண்டால் பாலியெஸ்டர் கலந்தது. அதை ராத்திரிக்கு எடுக்காதீர்கள், வியர்வை உறிஞ்சாது.

வாலாஜா:
சாயம் போகாமல் இருக்க உப்பு போட்டு ஊறவைக்கச் சொல்கிறார்களே?

குடியாத்தம் தறி:
உப்பு சாயம் ஏற்றும்போது உதவும். ஏறாமல் மேலே ஒட்டியிருக்கும் சாயத்தை அப்புறம் நிறுத்தாது. தண்ணீர் தெளியும் வரை தனியாக அலசுவதே வழி. சிவப்பும் கருநீலமும் நாலைந்து அலசல் வரை விடும். வெள்ளைத் துணியோடு சேர்க்காதீர்கள்.

ஊசிநூல்:
வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. ரெண்டு காலும் ஒன்றுக்கொன்று கண்ணாடியில் பார்த்த மாதிரி இருக்கணும். ஒரு துண்டை வெட்டிவிட்டு பேப்பரைத் திருப்பாமல் அதே மாதிரி இன்னொன்று வெட்டினால் ரெண்டும் இடது கால் ஆகும். அச்சடித்த துணியில் அதைத் திருத்த முடியாது. கைலிக் கட்டத்தில் ரெண்டு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் திருப்பிப் போட்டுவிடலாம். கட்டக் கைலியில் சீட் கோடு ரெண்டு துண்டிலும் ஒரே கட்டத்தின் மேல் வரட்டும், முன் தையலில் கட்டம் சேரும்.

காட்பாடிக்காரி:
கைலியே எடுத்துவிடுகிறேன். வெட்டினபின் எதை முதலில் தைக்கணும்? ஜாக்கெட்டில் பக்கத்தை முதலில் சேர்ப்போம், இதில் பக்கமே இல்லையே.

பழைய டைலர்:
முதலில் பை. பக்கவாட்டுக் கோட்டுக்கு முன்பக்கமாக, இடுப்பிலிருந்து 3 அங்குலம் கீழே, 6க்கு 7 துண்டு. காலைத் தைத்தபின் பை வைக்கப் போனால் மெஷின் அடியில் கால் சுருண்டு திரும்பாது.

அடுத்து உள்கால்கள், தனித்தனியாக. ஒரு காலின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் சேருங்கள். கீழிருந்தும் நுனியிலிருந்தும் பின் குத்திக்கொண்டு நடுவுக்கு வாருங்கள். பின் ஓரம் சரிவு அதிகம், அதனால் கொஞ்சம் இழுபடும். ஒரே முனையிலிருந்து தள்ளித் தைத்தால் அந்த இழுபாடு எல்லாம் கீழே சேர்ந்து கால் முறுக்கிக்கொள்ளும். ஓவர்லாக் இல்லாததால் பிரெஞ்சு தையல் போடுங்கள்: நல்ல பக்கம் வெளியே வைத்து ரெண்டு நூல் அளவில் ஒரு தையல், ஓரத்தை ஒரு நூலாகக் கத்தரித்து, திருப்பி மறுபடி ரெண்டு நூலில். தையல் இடத்தின் அரை அங்குலம் அதற்குச் சரியாகச் செலவாகும். தொடையில் பிசிறு குத்தாது.

இனி ஒரு காலை நல்ல பக்கம் வெளியே திருப்பி, மற்றதற்குள் விடுங்கள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும். உள்கால் தையல் ரெண்டும் ஒரே புள்ளியில் சந்திக்கணும், அங்கே முதல் பின். முன் இடுப்பிலிருந்து வளைந்து பின் இடுப்பு வரை ஒரே ஓட்டம். முன்பக்கம் மேலே நாடா மடிப்பு வரும் இடத்தில் மட்டும் ஒரு அங்குலம் தைக்காமல் விடுங்கள், நாடா வெளியே வரும் வாய் அதுதான். காஜா எடுக்க வேண்டாம்.

வளைவில் தையலைச் சின்னதாக்குங்கள், அங்குலத்துக்கு 12. மற்ற இடத்தில் 10 போதும். நேர் தையலுக்கு இழுவை கிடையாது, உட்காரும்போது துணி கொடுக்கும், நூல் கொடுக்காது, நூல் அறும். அதனால் வளைவைத் தைக்கும்போது ரெண்டு கையாலும் முன்னும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடியுங்கள். முதல் தையலுக்கு ஒரு நூல் வெளியே ரெண்டாவது தையல். அடிவளைவில் மிச்சத்தைக் கால் அங்குலமாகக் கத்தரியுங்கள். அரை அங்குலமே விட்டால் தொடை நடுவே மேடாக நிற்கும்.

ஊசி கைலிக்கு 14. 16 போட்டால் துளை தெரியும், மெல்லிய கேம்பிரிக்குக்கு 11.

கடைசியில் இடுப்பு. கால் அங்குலம் மடித்து, மறுபடி 1¼ மடித்துத் தையுங்கள். ஒரு அங்குல எலாஸ்டிக் என்றால் இடுப்பை விட 3 குறைத்து, சேர்க்க ஒன்று கூட்டி, 36 வெட்டுங்கள். உள்ளே விட்டபின் முன் நடு, பின் நடு, ரெண்டு பக்கம் என நாலு இடத்தில் செங்குத்தாக ஒரு தையல். இல்லாவிட்டால் ரெண்டாவது அலசலிலேயே முறுக்கும். நாடா மட்டும் என்றால் இடுப்பு 38 உடன் 20 கூட்டி 58, பின் நடுவில் ஒரு தையல் போட்டு நிறுத்துங்கள். துவைக்கும்போது உருவிக்கொண்டு வராது. என் கருத்தில் தொப்பை உள்ளவருக்கு நாடாவே நல்லது, சாப்பிட்டுப் படுத்தால் எலாஸ்டிக் அழுத்தும்.

வாலாஜா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் மனைவிக்கு நைட்டி தைக்கப் பார்க்கிறேன். மார்பு 40, தோளிலிருந்து 52. அவங்க சுடிதார் டாப்பை வைத்து அகலமாக வெட்டினால் போதுமா? அக்குளை ஆழமாக விடலாம் என்றிருக்கிறேன்.

ஊசிநூல்:
அக்குளை ஆழமாக்காதீர்கள், இதுதான் நைட்டியில் பெரிய தப்பு. பள்ளம் கீழே போனால், கையைத் தூக்கினதும் உடம்புத் துணி முழுசும் மேலே ஏறும். பள்ளம் இருக்கிற அளவிலேயே இருக்கட்டும். கைத்துண்டின் மேல்வளைவைத் தாழ்த்தி, அக்குளில் கையை ரெண்டு அங்குலம் அகலமாக்குங்கள். மார்பில் 8 தளர்ச்சி, ஆக 48. கீழ்ச்சுற்று 60க்குக் குறைந்தால் முழங்கால் மடங்காது. 44 பன்னாவில் நீளம் 54 ரெண்டு, கைக்கு 10, சுருக்கமும் சேர்த்து 3¼ மீட்டர். யோக் ஓரத்துண்டில் வரும். சுடிதார் டாப் இடுப்பில் குறுகும், அதைப் படி எடுக்காதீர்கள், தோளும் கழுத்தும் மட்டும் எடுங்கள். மற்றதுக்குத் தனியாக ஒரு கேள்வி போடுங்க, விரிவாகப் பேசலாம்.

காட்பாடிக்காரி:
டைலர் அண்ணா, பழைய பெட்ஷீட்டில் சோதனைக்கு ஒன்று தைத்துப் போட்டுப் பார்த்தாச்சு. நின்றால் சரி. குனிந்தால் பின்னால் ஒரு அங்குலம் இறங்குகிறது. உட்கார்ந்தால் முன்பக்கம் கால் நடுவிலிருந்து தொடைக்கு விசிறி மாதிரி கோடு விழுகிறது. பெரிய பேட்டர்ன் எடுக்கணுமா? இல்லை கால் நடுவில் சதுரத் துண்டு வைக்கச் சொல்கிறார்களே, அது வேண்டுமா?

பழைய டைலர்:
கைலியில் கத்திரி வைக்கும் முன் போட்டுப் பார்த்தது ரொம்ப நல்லது. பெரிய பேட்டர்ன் வேண்டாம், அதில் எல்லாமே பெரிதாகும், இந்த ரெண்டும் அப்படியே நிற்கும்.

குனிந்தால் இறங்குவது பின் உயரம் போதாததால். பின் நடுவில் ரெண்டு ஏற்றினோம், அதை மூன்றாக்குங்கள், பக்கவாட்டுக்கு வரும்போது பூஜ்யமாகச் சரியட்டும். கைலியில் உயரம் 43½ல் இருந்து 44½ ஆகும், 47இல் இன்னும் இடம் இருக்கிறது.

விசிறிக் கோடு எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். கால் நடுப் புள்ளியிலிருந்து தொடைக்கு ஓடினால் நீட்டின நுனி போதவில்லை. முன் நுனியை 2½இலிருந்து 3 ஆக்குங்கள், பின் நுனியை 5இலிருந்து 5½. துண்டு ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் கூடும், ரெண்டும் சேர்ந்து 69, கைலியில் அடங்கும். நுனியை மட்டும் கூட்டி, முழங்காலுக்கு வரும்போது பழைய கோட்டில் சேருங்கள். உள்கால் ரெண்டையும் மறுபடி டேப் வைத்து ஒப்பிடுங்கள்.

உட்கார்ந்தபோது சீட்டுக்குக் கீழே ஒரு மடிப்பு தொங்கினால் அதை எடுக்காதீர்கள். வெளியே போடும் பேன்ட்டில் அது குறை, தூங்கும் உடுப்பில் முழங்கால் மடக்கும்போது அங்கிருந்துதான் துணி போகும். ஒரு அங்குலம் வரை இருக்கட்டும்.

சதுரத் துண்டு, சில டைலர்கள் மியானி என்பார்கள். நேராக வெட்டும் பழைய முறைப் பைஜாமாவில் வளைவே கிடையாது, அதனால் அங்கே அது இல்லாமல் கால் விரியாது. வளைத்து வெட்டின இதற்கு அவசியம் இல்லை. வைத்தால் நாலு தையல் ஒரே புள்ளியில் சேரும், நேர் தையல் மெஷினில் அந்த முனைதான் முதலில் பிரியும். நுனி கூட்டியும் இழுத்தால் மட்டும் 4க்கு 4 துண்டு வைக்கலாம், கைலியில் மிஞ்சும் 9 அங்குலப் பட்டையிலேயே வெட்டிக்கொள்ளலாம். பையும் நாடாவும் அதே பட்டையில்தான் வரணும் என்பதால் 6க்கு 7 பையை முதலில் குறித்துவிட்டு மிச்சத்தில் நாடாப் பட்டை வெட்டுங்கள். நாடாவுக்கு 1½ அகலத்தில் ரெண்டு பட்டை, நடுவில் ஒட்டுப் போட்டுச் சேர்க்கணும். அந்த ஒட்டுதான் பின் நடுவில் தையல் போடும் இடத்தில் உள்ளே மறைந்து உட்காரும்.